எக்ஸா, வேலண்டா? லினக்ஸ் கணினிக்கு டிஸ்ப்ளே சர்வர் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரின் செந்தூலில் நண்பர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தபோது, கடையிலிருந்த மூன்று கணினிகளில் ஒன்றுகூட விண்டோஸ் 11க்குத் தேறவில்லை. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றக் கையில் வெள்ளி இல்லை, லினக்ஸ் போட்டுத் தர முடியுமா என்று என்னைக் கூப்பிட்டார்.

கடை சாத்தியிருந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றிலும் போட்டு முடித்தேன். திரை தெளிவாக இருந்தது, பிரிண்டர் தானாகவே சேர்ந்துகொண்டது. திங்கட்கிழமை காலையில் அங்கே தட்டச்சு செய்யும் ஐயா போன் செய்தார். “தம்பி, இந்தப் படம் போடுற சாப்ட்வேர்ல மட்டும் தமிழ் விழமாட்டேங்குது. எதை அடிச்சாலும் இங்கிலீஷ்தான் வருது. மத்ததுல எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

அவர் கடைசியாகச் சொன்னதில்தான் விடை இருந்தது. ஒரு மென்பொருளில் தமிழ் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்றால் விசைப்பலகையும் சரி, எழுத்துருவும் சரி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் டிஸ்ப்ளே சர்வர் பக்கம்தான் ஏதோ விடுபட்டிருக்கிறது. நிறுவும்போது என்ன வந்ததோ அதை அப்படியே விட்டுவிட்டு வந்தது என் தவறு. அதற்கப்புறம் யாருக்குக் கணினி தயார் செய்தாலும், அதில் உட்காரப்போகிறவர் தினமும் என்னென்ன வேலை செய்வார் என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்கிறேன். டிஸ்ப்ளே சர்வரை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்கிறேன். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

## டிஸ்ப்ளே சர்வர் என்ன செய்கிறது

பிரவுசர், லிப்ரே ஆபிஸ், வீடியோ ஓடும் ஜன்னல் என்று நாம் திறந்து வைத்திருக்கும் எதுவும் நேரடியாகத் திரையில் எழுதுவதில்லை. எந்த ஜன்னல் மேலே, எது கீழே, நீங்கள் அழுத்திய விசை எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும், மவுஸ் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிஸ்ப்ளே சர்வர்.

எக்ஸ் என்ற ஏற்பாடு 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ராபர்ட் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் ஆகியோரால் தொடங்கப்பட்டது. அதன் 11ஆம் பதிப்பு 1987இல் வந்தது. இன்றும் அதே 11தான் ஓடுகிறது, அதனால்தான் எக்ஸ்11 என்கிறோம். அதை நம் கணினியில் நடத்தும் நிரலுக்கு எக்ஸ்.ஆர்க் சர்வர் என்று பெயர். அந்தக் காலத்தில் பெரிய கணினி ஓர் அறையில் இருக்கும், திரை இன்னோர் அறையில் இருக்கும். ஆகவே நிரல் ‘இங்கே ஒரு கோடு போடு, அங்கே இந்த எழுத்தை வை’ என்று நெட்வொர்க் வழியாகச் சொல்லும், எக்ஸ் சர்வர் வரையும். ஜன்னல்களை நகர்த்துவதற்கு விண்டோ மேனேஜர் என்று தனி ஆள். பின்னாளில் நிழல், ஒளிபுகும் விளைவு எல்லாம் வந்தபோது கம்பாசிட்டர் என்று மூன்றாவது ஆளும் சேர்ந்தார். மூவரும் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பதால்தான் சில கணினிகளில் வீடியோ ஓடும்போது படம் குறுக்கே கிழிவதுபோலத் தெரியும்.

வேலண்டை 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. 1.0 பதிப்பு 2012இல் வந்தது. இதில் ஒவ்வொரு மென்பொருளும் தன் ஜன்னலுக்குள் இருப்பதைத் தானே வரைந்து முடித்து, முழுப் படமாகக் கையில் கொடுத்துவிடும். கம்பாசிட்டர் எல்லாப் படங்களையும் அடுக்கித் திரைக்கு அனுப்பும். சர்வரும் அதுவே, விண்டோ மேனேஜரும் அதுவே.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. எக்ஸ்.ஆர்க் என்பது ஒரே நிரல், எந்த டெஸ்க்டாப் (மெனு, பட்டைகள், செட்டிங்ஸ் எல்லாம் சேர்ந்த திரைச் சூழல்) போட்டாலும் அடியில் அதுவே இருக்கும். வேலண்ட் அப்படி ஒரு நிரல் கிடையாது. அது பேச்சுவார்த்தைக்கான விதிமுறை மட்டும். நோம் என்ற டெஸ்க்டாப்பில் அதை நடத்துவது மட்டர் என்ற கம்பாசிட்டர், கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்பில் கேவின், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் லாப்டபிள்யூசி. ஆகவே வேலண்டைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், ஒரு டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பொருள். நோமில் வராத ஒரு வசதி கேடிஇயில் வரலாம். ‘வேலண்டில் இது முடியாது’ என்று யாராவது சொன்னால், எந்த டெஸ்க்டாப், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.

பழைய கட்டுரைகளில் மிர் என்று மூன்றாவதாக ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் 2013இல் அறிவித்தது அது. இப்போது அதுவும் வேலண்ட் மொழியைத்தான் பேசுகிறது, எனவே தனித் தேர்வாக எண்ண வேண்டியதில்லை.

## முதல் படி: இப்போது எதில் இருக்கிறீர்கள்

நோமில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட், சிஸ்டம் டீடெயில்ஸ் என்று போனால் விண்டோயிங் சிஸ்டம் என்ற வரியில் எழுதியிருக்கும். கேடிஇயில் இன்ஃபோ சென்டரைத் திறந்தால் கிராபிக்ஸ் பிளாட்ஃபார்ம் என்ற வரி.

கணினியில் நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை ஓர் அமர்வு. எக்ஸ் அமர்வு, வேலண்ட் அமர்வு இரண்டும் நிறுவப்பட்டிருந்தால் மாற்றிப் பார்ப்பது சுலபம். கணினியில் நுழையும் திரையில், பயனர் பெயரைத் தொட்டதும் ஒரு மூலையில் பற்சக்கரப் படமோ அமர்வுப் பட்டியலோ தெரியும். அங்கே எக்ஸ், வேலண்ட் இரண்டும் இருக்கும். தேர்ந்தெடுத்து நுழையுங்கள், பிடிக்காவிட்டால் வெளியேறி மறுபடி மாற்றுங்கள். கோப்புகள் எதற்கும் ஒன்றும் ஆகாது. பலர் இதை ஏதோ பெரிய அறுவை சிகிச்சைபோலப் பயப்படுகிறார்கள்.

வேலண்டில் இருக்கும்போது, திறந்திருக்கும் மென்பொருள்களில் எது நேரடியாக வேலண்ட் பேசுகிறது, எது எக்ஸ்வேலண்ட் வழியாக ஓடுகிறது என்று பார்ப்பது இன்னும் முக்கியம். எக்ஸ்வேலண்ட் என்பது வேலண்டுக்குள் ஓடும் ஒரு சின்ன எக்ஸ் சர்வர். பழைய மென்பொருள்களெல்லாம் அதன் தயவில்தான் ஓடுகின்றன. கண்டுபிடிக்க ஒரு பழைய தந்திரம்: எக்ஸ்ஐஸ் என்ற குட்டி நிரலைத் திறங்கள். இரண்டு கண்கள் மவுஸைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மவுஸை ஒரு ஜன்னலின் மேல் கொண்டுபோகும்போது கண்கள் தொடர்ந்து உருண்டால் அந்த ஜன்னல் எக்ஸ்வேலண்டில் ஓடுகிறது. கண்கள் அப்படியே நின்றுவிட்டால் அது நேரடி வேலண்ட்.

அந்தக் கண்கள் நிற்பதற்குக் காரணம் பாதுகாப்பு. எக்ஸில் ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளின் ஜன்னலில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம், நீங்கள் எங்கோ அடிக்கும் கடவுச்சொல்லைக்கூடப் படிக்கலாம். அதற்குத் தனி அனுமதி எதுவும் வேண்டாம். 1980களின் ஆய்வுக்கூடத்தில் அது பிரச்சினையாக இல்லை. பலர் மாறி மாறி உட்கார்ந்து வங்கிக் கணக்குப் பார்க்கும் ஒரு கடைக் கணினியில் அது பெரிய ஓட்டை. எல்லாம் சமமாக இருந்தால் வேலண்டையே போடுங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். திரை அழகு எனக்கு இரண்டாவது.

## இரண்டாம் படி: ஒரு தாளில் வேலைகளை எழுதுங்கள்

மென்பொருளின் பெயரைவிட வேலையை எழுதுவது நல்லது. ‘பத்திரிகை வடிவமைப்பு, தமிழில் தட்டச்சு, வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் மாதிரி அனுப்புவது, மாதக் கணக்கு’ என்று செந்தூல் கடைக்கு எழுதினேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டியூஷன் வகுப்புக்கு எழுதியபோது பட்டியல் வேறு மாதிரி வந்தது: ஆன்லைன் வகுப்பில் திரையைக் காட்டுவது, பிள்ளைகளின் திரைகளை ஆசிரியர் தன் மேசையிலிருந்தே பார்ப்பது.

அந்த இரண்டாவது வேலையே தேர்வை முடிவு செய்துவிட்டது. வேயான் போன்ற வகுப்பறைக் கண்காணிப்பு மென்பொருள்கள் லினக்ஸில் எக்ஸை நம்பி வளர்ந்தவை. எக்ஸ் யாரையும் எதையும் பார்க்க விடும், அந்தத் தாராளத்தின் மேல்தான் அவை நிற்கின்றன. ஆகவே பிள்ளைகளின் கணினிகளில் எக்ஸ் அமர்வு, ஆசிரியரின் மடிக்கணினியில் வேலண்ட் என்று பிரித்துப் போட்டோம். ஒரே இடத்தில் எல்லாக் கணினியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

உங்கள் பட்டியலில் கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் பக்கத்தில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்: விசைகளைத் தானாக அழுத்தும் கருவிகள் (எக்ஸ்டூடூல், ஆட்டோகீ), விசைகளை இடம் மாற்றும் பழைய எக்ஸ்மோட்மேப் கோப்பு, திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ராண்டர் கட்டளை எழுதிய ஸ்கிரிப்ட், எஸ்எஸ்எச் வழியாகத் தூரத்துக் கணினியின் ஜன்னலை இங்கே வரவழைப்பது. இவை எல்லாமே எக்ஸின் சொத்துக்கள். பலவற்றுக்கு வேலண்டில் மாற்று உண்டு: விசைகளை அழுத்த ஒய்டூடூல், சுருக்கங்களை விரிக்க எஸ்பான்ஸோவின் வேலண்ட் பதிப்பு, தூரத்து ஜன்னலுக்கு வேபைப். ஆனால் மாற்றைக் கற்றுக்கொள்ள யார் உட்காரப் போகிறார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

செந்தூல் ஐயா இதற்கு நல்ல உதாரணம். ‘நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்’ என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை அவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை அடிப்பார் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு எழுத்து அடித்தால் முழு வாக்கியமும் விழும்படி ஆட்டோகீயில் நாற்பதுக்கும் மேல் சுருக்கங்களை அவருக்கு வைத்துக் கொடுத்தேன். ஆட்டோகீ எக்ஸில்தான் ஓடும்.

## மூன்றாம் படி: கிராபிக்ஸ் கார்டு

இன்டெல், ஏஎம்டி என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். இரண்டுக்குமான டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலிலும் மெசா என்ற கிராபிக்ஸ் தொகுப்பிலுமே இருக்கிறது, வேலண்டும் எக்ஸும் இரண்டுமே நன்றாக ஓடும். லோ யாட் பிளாசாவில் வாங்கும் பழைய அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் இன்டெல்லின் உள்ளிணைந்த கிராபிக்ஸ்தான் இருக்கும், கவலையில்லை.

என்விடியாவில்தான் பார்க்க வேண்டும். பல வருடம் என்விடியா தன் சொந்த வழியில் போனதால் வேலண்டோடு ஒட்டவில்லை. 2021இல் வந்த 495 டிரைவரில் படங்களுக்கு நினைவகம் ஒதுக்க மற்றவர்கள் பயன்படுத்தும் ஜிபிஎம் முறைக்கு அது வந்து சேர்ந்தது. 2024இல் வந்த 555 டிரைவரில், படம் வரைந்து முடிந்ததா என்று தெளிவாகச் சொல்லிக்கொள்ளும் எக்ஸ்ப்ளிசிட் சிங்க் வந்தது. அதற்கு முன்னால் எக்ஸ்வேலண்டில் ஓடும் ஜன்னல்கள் மினுக்கும், பழைய படம் ஒரு நொடி வந்து போகும். 555க்கு மேற்பட்ட டிரைவரும் அதற்கு ஈடான புதிய டெஸ்க்டாப்பும் இருந்தால் இன்று வேலண்டைத் தைரியமாகப் போடலாம்.

ஜிடிஎக்ஸ் 600 வரிசையும் 700 வரிசையில் பெரும்பாலானவையும் கெப்ளர் தலைமுறையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு 470 டிரைவரோடு கதை முடிந்தது. அந்த கார்டில் என்விடியாவின் டிரைவர் வேண்டும் என்றால் எக்ஸில் இருங்கள். பழைய கார்டைக் கழற்றி வைத்துவிட்டு மதர்போர்டில் உள்ள இன்டெல் கிராபிக்ஸில் ஓட்டுவதும் ஒரு வழி. அலுவலக வேலைக்கு அது தாராளமாகப் போதும், மின்சாரமும் மிச்சம்.

## நான்காம் படி: எத்தனை திரை, என்ன அளவு

ஒரே திரை, சாதாரண 1080பி என்றால் இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.

செந்தூல் கடையில் வடிவமைப்பாளரிடம் 27 அங்குல 4கே திரை ஒன்றும், பக்கத்திலேயே 24 அங்குலப் பழைய 1080பி திரை ஒன்றும் இருக்கின்றன. முதலாவதில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 163 புள்ளிகள், இரண்டாவதில் 92. 4கே திரையில் எழுத்து படிக்கும் அளவுக்கு வர 150 விழுக்காடோ 175 விழுக்காடோ பெரிதாக்க வேண்டும். அதே அளவைப் பழைய திரைக்கும் கொடுத்தால் பட்டன்கள் தோசைக்கல் அளவுக்கு வந்துவிடும். எக்ஸில் எல்லாத் திரைக்கும் பொதுவாக ஒரே அளவுதான். எக்ஸ்ராண்டரால் ஒரு திரையை மட்டும் இழுத்துச் சரிக்கட்டலாம், ஆனால் எழுத்து மங்கும். வேலண்டில் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி அளவு கொடுக்கலாம், ஜன்னலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தால் அது தானே மாறிக்கொள்ளும். திரைகளின் ரெஃப்ரெஷ் வேகம் வேறுபட்டாலும், ஒன்று 144 ஹெர்ட்ஸ், இன்னொன்று 60 என்று, வேலண்ட் தனித்தனியாக நடத்தும்.

ஒரு நிபந்தனை மட்டும். எக்ஸ்வேலண்டில் ஓடும் மென்பொருளை ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால் சில டெஸ்க்டாப்களில் மங்கலாகத் தெரியும். கேடிஇயில் டிஸ்ப்ளே அமைப்பில், பழைய எக்ஸ் மென்பொருள்கள் தாங்களே அளவை மாற்றிக்கொள்ளட்டும் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் பெரும்பாலும் தெளிவாகிவிடும். படம் திருத்தும் ஜிம்ப் 2.10, ஜன்னலும் பட்டனும் வரையும் ஜிடிகே2 என்ற பழைய தொகுப்பில் எழுதப்பட்டது, ஆகவே எக்ஸ்வேலண்டில்தான் ஓடும். 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0 ஜிடிகே3க்கு மாறிவிட்டது. பதிப்பை உயர்த்தியதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது.

## ஐந்தாம் படி: தமிழ்த் தட்டச்சு

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பொதுவாக இந்தப் படியைத் தொடுவதில்லை. நமக்கோ இதுதான் உயிர்நாடி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து, அதோடு வேலை முடிந்தது. தமிழ்99 விசைப்பலகை முறையில் அப்படி இல்லை. ‘க’ அடித்து மறுபடி ‘க’ அடித்தால் முதல் ‘க’வுக்குப் புள்ளி வந்து ‘க்க’ ஆக வேண்டும். ‘க’ அடித்து ‘ஓ’ அடித்தால் இரண்டும் சேர்ந்து ‘கோ’ ஆக வேண்டும். அதாவது ஏற்கெனவே திரையில் விழுந்த எழுத்தைத் திரும்பிப் போய் மாற்ற வேண்டியிருக்கிறது. முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல் வழியாகத் தட்டச்சு பழகியவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர். அந்த ஒலிபெயர்ப்பு முறையிலும் இதே கதைதான், அடுத்த விசை வரும்வரை முந்தைய எழுத்து முடிவாகாது.

இப்படி முடிவாகாமல் நிற்கும் எழுத்தின் கீழே பெரும்பாலும் ஒரு கோடு தெரியும். அந்த எழுத்தைக் கையில் வைத்திருப்பது உள்ளீட்டு முறை மென்பொருள்: நோமில் ஐபஸ், கேடிஇயில் பலர் விரும்புவது எஃப்சிஐடிஎக்ஸ் 5. இரண்டிலும் தமிழ்99, ஃபொனெட்டிக், தட்டச்சுப் பொறி அமைப்பு எல்லாம் எம்17என் என்ற தொகுப்பு வழியாக வருகின்றன. அஞ்சல் பழகியவர்களுக்கு ஃபொனெட்டிக் நெருக்கமாக இருக்கும், சில விசைகள் மட்டும் வேறுபடும்.

எக்ஸில் உள்ளீட்டு முறையும் மென்பொருளும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். அதற்கு மென்பொருள் எந்த உள்ளீட்டு முறையைத் தேட வேண்டும் என்று சூழல் மாறிகளில் (மென்பொருள் தொடங்கும்போது படிக்கும் குறிப்புகளில்) சொல்லி வைப்போம். வேலண்டில் இருவருக்கும் நடுவே கம்பாசிட்டர் வந்து நிற்கிறது: விசை முதலில் கம்பாசிட்டருக்கு, அங்கிருந்து உள்ளீட்டு முறைக்கு, முடிவான எழுத்து கம்பாசிட்டர் வழியாக மென்பொருளுக்கு. மூவரில் ஒருவருக்குத் தகவல் போகாவிட்டாலும் தமிழ் வராது.

செய்ய வேண்டியது இது. நோமில் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் இன்புட் சோர்சஸில் தமிழைச் சேர்த்தால் போதும், ஐபஸ் அங்கே உள்ளேயே கட்டப்பட்டது. கேடிஇயின் வேலண்ட் அமர்வில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் விர்ச்சுவல் கீபோர்டு என்ற பக்கத்தைத் திறந்து அங்கே எஃப்சிஐடிஎக்ஸ் 5ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரைப் பார்த்தால் தொடுதிரைக்கான விசைப்பலகை என்று தோன்றும், அதனால்தான் பலர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. கேவினுக்கு உள்ளீட்டு முறை யார் என்று சொல்லும் இடம் அதுதான்.

ஐயாவின் கணினியில் நான் அதைச் செய்திருந்தேன். செய்யாமல் விட்டது அடுத்ததை. எக்ஸ்வேலண்டில் ஓடும் பழைய மென்பொருள்களுக்கு, எக்ஸ் காலத்து வழியிலேயே உள்ளீட்டு முறையின் பெயரைத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். அவர் சொன்ன படவேலை மென்பொருள் எக்ஸ்வேலண்டில் ஓடியது, மற்றவை நேரடி வேலண்டில் ஓடின. ஒரு கோப்பில் ஒரு வரி சேர்த்து, வெளியேறி நுழைந்ததும் தமிழ் வந்துவிட்டது.

சோதிக்கும்போது எல்லா மென்பொருளிலும் ஒரே சொற்களை அடித்துப் பாருங்கள். நான் வைத்திருக்கும் பட்டியல்: அக்கா, கோயில், ஔவையார், ஸ்ரீ, லக்ஷ்மி, ஃபாத்திமா. பிரவுசரின் முகவரிப் பட்டை, பிரவுசருக்குள் ஒரு பெட்டி, லிப்ரே ஆபிஸ், இங்க்ஸ்கேப்பின் எழுத்துக் கருவி, டெர்மினல் என்று ஒவ்வொன்றிலும் அடியுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் 2023 டிசம்பரில் வந்த 121 முதல் வேலண்டில் நேரடியாகவே ஓடுகிறது. குரோமியம் வகையைச் சேர்ந்தவற்றையும், அதன் மேல் கட்டப்பட்ட அரட்டை மென்பொருள்களையும் தனியாகக் கவனியுங்கள். சில பதிப்புகளில் வேலண்ட் உள்ளீட்டு முறையை நாமே இயக்கிவிட வேண்டியிருக்கும்.

இன்னொரு சோதனை: கடைசி எழுத்தின் கீழே கோடு இருக்கும்போதே மவுஸால் வேறு இடத்தில் சொடுக்குங்கள். அந்த எழுத்து இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். காணாமல் போனாலோ சொடுக்கிய இடத்துக்குத் தாவினாலோ, அந்த மென்பொருளும் அந்த அமர்வும் இன்னும் ஒத்துப்போகவில்லை. வேகமாக அடிப்பவர்களின் பத்திரிகையில் ஓர் எழுத்து குறைந்து அச்சாகிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று. கொம்பு பிரிந்து நிற்பது, புள்ளி தள்ளி விழுவது, ‘ஸ்ரீ’ உடைந்து தெரிவது இவையெல்லாம் எழுத்துருவும் எழுத்தைக் கோக்கும் மென்பொருளும் சம்பந்தப்பட்டவை. எக்ஸிலிருந்து வேலண்டுக்கு மாறினாலும் தீராது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற நல்ல யூனிகோடு எழுத்துருவைப் போட்டுப் பார்த்து, அதிலும் உடைந்தால் மென்பொருளைச் சந்தேகியுங்கள்.

## ஆறாம் படி: திரையைக் காட்டுவதும் தூரத்திலிருந்து நுழைவதும்

ஜொகூரில் இருந்த ஒருவருக்கு ஆன்லைனில் வடிவமைப்பைக் காட்டப் போனேன். என் பக்கம் எல்லாம் தெரிகிறது, அவர் பக்கம் வெறும் கறுப்பு. பத்து நிமிடம் “தெரியுதுங்களா, தெரியுதுங்களா” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த மென்பொருளின் பழைய பதிப்பு, எக்ஸில் செய்வதுபோல முழுத் திரையையும் கேட்காமலே எடுக்க முயன்றிருக்கிறது. வேலண்டில் அது நடக்காது.

வேலண்டில் திரையைப் பகிர பைப்வயர் என்ற சேவையும், போர்ட்டல் என்ற இடைத்தரகரும் வேண்டும். எந்த ஜன்னலை, எந்தத் திரையைக் காட்டலாம் என்று உங்களிடம் ஒரு பெட்டி கேட்கும். நீங்கள் ஒப்புக்கொண்டதை மட்டும் கொடுக்கும். புதிய பிரவுசர்கள் எல்லாம் இதைச் சரியாகச் செய்கின்றன. திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் ஸ்டூடியோ 2021இல் வந்த 27 முதல் இதை ஏற்கிறது. தனி மென்பொருளில் கறுப்பாகத் தெரிந்தால், அதே கூட்டத்தில் பிரவுசர் வழியாகச் சேர்ந்து பாருங்கள், பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு நோமில் ஆர்டிபி வசதி உள்ளேயே இருக்கிறது. அதற்கு முன்னால் எக்ஸ்11விஎன்சி, எக்ஸ்ஆர்டிபி என்று பழகியவர்கள் மாறுவதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும்.

கண்பார்வை இல்லாதவர்களுக்கான கணினி என்றால் மட்டும் நிதானமாகப் போங்கள். ஓர்கா திரைவாசிப்பான் இரண்டிலும் ஓடும், ஆனால் பழைய வேலண்ட் பதிப்புகளில் அதன் விசைகளில் குறைகள் இருந்தன. அவரையே உட்கார வைத்து, அவர் தினமும் பயன்படுத்தும் விசைகளை எல்லாம் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று வேலை செய்யாவிட்டாலும் எக்ஸையே வைத்துக்கொடுங்கள். பாதுகாப்புப் பேச்சு இங்கே இரண்டாம் பட்சம்.

## ஏழாம் படி: எந்த வெளியீடு, எத்தனை வருடம்

இது வரை எழுதிய தாளைப் பார்த்தால் உங்களுக்கு விடை தெரிந்திருக்கும். இனி அதற்குப் பொருந்தும் லினக்ஸ் வெளியீட்டை (ஃபெடோரா, உபுண்டு, மிண்ட் போல) பிடிக்க வேண்டும், ஏனென்றால் எக்ஸ் அமர்வு ஒவ்வோர் இடத்திலும் மூடப்பட்டு வருகிறது. ஃபெடோரா 25 தன் நோம் சூழலில் 2016லேயே வேலண்டை இயல்புத் தேர்வாக்கியது. கேடிஇ பிளாஸ்மா 6.0 2024 பிப்ரவரியில் அதே முடிவை எடுத்தது. 2025 மே மாதம் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 எக்ஸ்.ஆர்க் சர்வரையே எடுத்துவிட்டு எக்ஸ்வேலண்டை மட்டும் வைத்துக்கொண்டது. 2025 செப்டம்பரில் வந்த நோம் 49 எக்ஸ் அமர்வை இயல்பாகவே முடக்கியது. அதை ஒட்டி உபுண்டு 25.10இன் நோமிலும் எக்ஸ் அமர்வு கிடையாது. பிளாஸ்மா 6.8 முழுக்க வேலண்ட் மட்டும்தான் என்று கேடிஇ அறிவித்திருக்கிறது.

எக்ஸ் வேண்டும் என்று தாள் சொன்னால் என் முதல் பரிந்துரை லினக்ஸ் மிண்ட் 22. அதன் சினமன் டெஸ்க்டாப் இயல்பாக எக்ஸில்தான் ஓடுகிறது, வேலண்ட் சோதனை நிலையில் இருக்கிறது. ஆதரவு 2029 வரை உண்டு. பழைய, நினைவகம் குறைந்த கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். உபுண்டு 24.04, டெபியன் 13 இரண்டிலும் நோமில் எக்ஸ் அமர்வு இன்னும் கிடைக்கிறது. லினக்ஸைத் தாண்டி ஓப்பன்பிஎஸ்டி பயன்படுத்துபவர்களுக்கு அதன் சொந்த எக்ஸ் தொகுப்பான செனோகாரா இருக்கிறது, பாதுகாப்பில் அவர்கள் காட்டும் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

வேலண்ட் என்றால் கேடிஇ அல்லது நோம், முடிந்தவரை புதிய பதிப்பு. வேலண்டில் இரண்டு வருடப் பழைய பதிப்புக்கும் இன்றைய பதிப்புக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

ஒரே ஒரு மென்பொருள் மட்டும் முழுத்திரையில் ஓட வேண்டிய இடங்களில் யோசிக்கவே வேண்டாம், வேலண்ட்தான். வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் தொலைக்காட்சியில் ஓடும் விலைப்பட்டியல், கோயில் வாசலில் பூசை நேரம் காட்டும் திரை போன்றவை. ராஸ்பெர்ரி பை ஒன்றில் கேஜ் என்ற சின்ன கம்பாசிட்டரைப் போட்டால் அது ஒரே ஒரு மென்பொருளைத் திறந்து திரை முழுக்க நிரப்பும். டெஸ்க்டாப்பே கிடையாது, வாடிக்கையாளர் தவறுதலாக மூடிவிடவும் வழியில்லை.

## நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு

சொந்தமாக மென்பொருள் எழுதுகிறீர்கள் என்றால் எக்ஸிடமோ வேலண்டிடமோ நேரடியாகப் பேசாதீர்கள். ஜிடிகே 4, க்யூட்டி 6, எஸ்டிஎல் 3 போன்ற தொகுப்புகளில் ஒன்றை எடுத்து அதன் மேல் கட்டுங்கள், இரண்டு பக்கத்தையும் அது பார்த்துக்கொள்ளும். பைத்தான் வகுப்பில் கற்றுக்கொடுக்கும் டிகின்டர் தொகுப்பு எக்ஸ் மட்டுமே பேசும், வேலண்டில் எக்ஸ்வேலண்ட் வழியாக ஓடும். கற்க நல்லது, தமிழ் உள்ளீடு முக்கியமான மென்பொருளுக்கு வேறொன்றைப் பாருங்கள்.

வேலண்டில் உங்கள் ஜன்னல் திரையில் எங்கே திறக்க வேண்டும் என்று நீங்கள் சொல்ல முடியாது, கம்பாசிட்டர்தான் முடிவு செய்யும். மற்ற ஜன்னலில் அடிக்கப்படும் விசைகள் உங்களுக்கு வராது. திரையைப் படம் பிடிக்க, கோப்பு திறக்க, எல்லா இடத்திலும் வேலை செய்யும் சுருக்குவிசை வைக்க, எல்லாவற்றுக்கும் போர்ட்டலைக் கேளுங்கள்.

## கடைசிப் படி: ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்

முடிவெடுத்த அமர்வில் ஒரு வாரம் உண்மையான வேலை நடக்கட்டும். முடிந்தால் இன்னோர் அமர்வையும் நிறுவியே வைத்திருங்கள், அவசரத்துக்கு வெளியேறி நுழைய ஒரு நிமிடம் போதும். ஏதாவது நின்றால் என்ன செய்துகொண்டிருந்தபோது, எந்த மென்பொருளில் என்று அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். ‘கம்ப்யூட்டர் சரியில்லை’ என்ற புகாரைவிட ‘இங்க்ஸ்கேப்பில் ஸ்ரீ அடித்துவிட்டு வெளியே சொடுக்கினால் போய்விடுகிறது’ என்ற வரி நமக்குப் பத்து மடங்கு உதவும். பெரிய பதிப்புயர்வு வருவதற்கு முன்னால் அந்தத் தாளை மறுபடி எடுங்கள். எக்ஸை நம்பியிருக்கும் கணினி புதிய பதிப்புக்குத் தாவினால் அந்த அமர்வே காணாமல் போயிருக்கலாம்.

செந்தூல் கடையில் இப்போது வடிவமைப்பாளரின் கணினியும் கணக்குப் பார்க்கும் கணினியும் கேடிஇ வேலண்டில் ஓடுகின்றன. ஐயாவின் கணினியை மட்டும் மிண்டுக்கு மாற்றி எக்ஸில் வைத்திருக்கிறேன், அந்த நாற்பது சுருக்கங்களுக்காக. அவற்றை எஸ்பான்ஸோவுக்கு மாற்றும் வேலையை ஐந்து ஐந்தாக ஆரம்பித்திருக்கிறோம். மாற்றியவற்றை அவர் வடிவமைப்பாளரின் கணினியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடித்துப் பார்க்கிறார், போன வாரம் வரை பதினைந்து முடிந்திருக்கிறது.